எழுதியவர் பார்க்காத விளையாட்டு: டோல்கீனின் கற்பனை உலகம் ஆன்லைனுக்கு வந்தது எப்படி?

ஒரு நாவலை ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் படிக்க முடியும். ஆனா, அதே நாவலுக்குள் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நுழைந்து ஊர் சுற்றலாம், சண்டை போடலாம், கூட்டாளி சேர்க்கலாம் என்றால் எப்படி இருக்கும்? 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்' என்ற விளையாட்டில் 2007-ம் ஆண்டு முதல் இதுதான் நடக்கிறது.

அந்த உலகத்தைப் படைத்த ஜே.ஆர்.ஆர். டோல்கீன் 1973-லேயே இறந்துவிட்டார். வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலம் அது. ஆனாலும், அவர் பெயரில் வரும் விளையாட்டுகளில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதில் அவருக்கு இன்றும் பங்கு உண்டு. ஒரு காரணம், அவர் கதை எழுதிய விதம். இன்னொரு காரணம், 1969-ல் அவர் செய்துகொண்ட ஒரு ஒப்பந்தம்.

யார் இந்த டோல்கீன்?

1892 ஜனவரி 3-ம் தேதி, இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள ப்ளூம்ஃபோன்டைன் நகரில் பிறந்தார். அப்பா ஆர்தர் அங்கே வங்கி மேலாளர். 1895-ல் அம்மா மேபல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்து வந்தார். பின்னாலேயே வந்து சேர வேண்டிய அப்பா, 1896-ல் காய்ச்சலில் இறந்துபோனார்.

பர்மிங்காம் பக்கத்தில் சேர்ஹோல் என்ற கிராமத்தில் வாழ்க்கை தொடர்ந்தது. தண்ணீரில் ஓடும் மாவு மில், மரங்கள், வயல்கள் என்று இருந்த ஊர். அவர் கதையில் பின்னாளில் வந்த 'ஷயர்' என்ற பசுமையான நாட்டுக்கு விதை இங்கேதான் விழுந்தது. லத்தீன் மொழியையும் செடி கொடிகளைப் பற்றியும் சொல்லிக் கொடுத்தவர் அம்மாதான்.

மேபல் 1900-ல் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார். சொந்தக்காரர்கள் பண உதவியை நிறுத்திவிட்டார்கள். 1904-ல் சர்க்கரை நோயால் அவர் இறந்தபோது டோல்கீனுக்கு வயது 12. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதே அதற்குப் பல வருஷம் கழித்துத்தான். அதன் பிறகு ஃபிரான்சிஸ் மார்கன் என்ற பாதிரியார் சிறுவர்கள் இருவருக்கும் பாதுகாவலராக இருந்தார்.

போர் பறித்த நண்பர்கள்

பள்ளிக்கூடத்தில் டோல்கீனுக்கு நெருக்கமான மூன்று நண்பர்கள் இருந்தார்கள். கவிதை, கலை என்று பெரிய கனவுகளோடு சுற்றிய கூட்டம். முதல் உலகப்போர் வந்தது. 1916 மார்ச்சில் ஈடித் பிராட்டைக் கல்யாணம் செய்துகொண்ட டோல்கீன், ஜூனில் பிரான்சின் போர்முனைக்குப் போனார். தகவல் தொடர்பைக் கவனிக்கும் ராணுவ அதிகாரி வேலை.

ஜூலை 1-ம் தேதி, சோம் போர் தொடங்கிய முதல் நாளே நண்பர் ராப் கில்சன் கொல்லப்பட்டார். அதே வருஷம் டிசம்பரில் ஜி.பி. ஸ்மித்தும் குண்டுச் சிதறல் பட்ட காயத்தால் இறந்தார். மிஞ்சியது டோல்கீனும் கிறிஸ்டோபர் வைஸ்மனும் மட்டும்தான். பேன் மூலம் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து டோல்கீன் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் காய்ச்சல்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம்.

உடம்பு தேறி வந்த நாட்களில் எல்ஃப் என்ற இனத்தின் கதைகளை எழுதத் தொடங்கினார். பின்னாளில் 'சில்மரில்லியன்' என்று பெயர் பெற்ற பெரிய புராணத்தின் தொடக்கம் இது. அவர் உயிரோடு இருந்தவரை அது புத்தகமாக வரவே இல்லை.

முதலில் மொழி, பிறகு வரைபடம், அப்புறம்தான் கதை

டோல்கீன் தொழிலால் மொழி ஆராய்ச்சியாளர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் வேலை பார்த்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1925-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலத்துக்கான பேராசிரியர் ஆனார். பொழுதுபோக்கு? சொந்தமாக மொழிகளை உருவாக்குவது. இலக்கணம், உச்சரிப்பு, எழுத்து வடிவம் எல்லாம் சேர்த்து. அந்த மொழிகளைப் பேச மக்கள் வேண்டும், மக்களுக்கு நாடு வேண்டும், நாட்டுக்கு வரலாறு வேண்டும். இப்படித்தான் 'மிடில் எர்த்' என்ற உலகம் வளர்ந்தது.

ஒருநாள் தேர்வுத்தாள் திருத்தும்போது, மாணவர் ஒருவர் காலியாக விட்டிருந்த பக்கத்தில் ஹாபிட் என்ற குள்ளமான ஜீவனைப் பற்றி ஒரு வரி கிறுக்கினார். அது 1937-ல் 'தி ஹாபிட்' நாவலாக வெளிவந்தது. பதிப்பாளரின் 10 வயது மகன் ரேனர் அன்வின் படித்துவிட்டு ஓகே சொன்ன புத்தகம் அது. அதற்கு அவனுக்குக் கிடைத்த கூலி ஒரு ஷில்லிங்.

அடுத்த பாகம் கேட்டார்கள். 1937 டிசம்பரில் தொடங்கிய எழுத்து முடிய 1949 ஆகிவிட்டது. 1954, 1955-ம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' அதுதான். தீய சக்தி உள்ள ஒரு மோதிரத்தை, அது வார்க்கப்பட்ட எரிமலையிலேயே கொண்டுபோய் அழிக்க வேண்டும். மோர்டோர் என்ற எதிரி நாட்டுக்கு அதைச் சுமந்து போகும் ஃப்ரோடோ என்ற ஹாபிட்டின் பயணம்தான் கதை.

இந்தக் கதைக்காக அவர் போட்ட கணக்கு கொஞ்ச நஞ்சமல்ல. ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்க முடியும் என்று பார்த்தார். பிரிந்து போன இரண்டு கூட்டமும் ஒரே இரவில் பார்க்கும் நிலா ஒரே அளவில் இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்துத் திருத்தினார். புத்தகத்தோடு வந்த வரைபடத்தைப் பொதுப் பார்வைக்கு வரைந்து கொடுத்தவர் மகன் கிறிஸ்டோபர்.

சரி, இதுக்கும் ஆன்லைன் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பல பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுக்குக் கதையைவிட முக்கியம் இடம். நாயகன் ஒருத்தன்தான், ஆடுபவர்களோ ஆயிரக்கணக்கில். எல்லாரும் ஃப்ரோடோ ஆக முடியாது இல்லையா? ஆனா எல்லாரும் அதே ரோட்டில் நடக்கலாம், அதே சத்திரத்தில் தங்கலாம். ரோடு, ஆறு, தூரம், பாழடைந்த கோட்டை, அதன் பின்னணி வரலாறு என்று எல்லாமே டோல்கீன் நாவலில் தயாராக இருந்தது.

1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர்கள் முதல் 'மட்' விளையாட்டை உருவாக்கினார்கள். படமே கிடையாது, வெறும் எழுத்து. கிழக்கே போ என்று டைப் செய்தால் அடுத்த இடத்தின் வர்ணனை திரையில் வரும். அவ்வளவுதான். 1990-களில் இதே பாணியில் மிடில் எர்த்தை வைத்து 'மியூம்' என்ற விளையாட்டை ரசிகர்களே இலவசமாக உருவாக்கி நடத்தினார்கள்.

பெரிய அளவில் வந்தது 2007 ஏப்ரல் 24-ல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டர்பைன் நிறுவனம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் ஆன்லைன்' விளையாட்டை வெளியிட்டது. உரிமம் நாவலுக்கானது. அதனால் பீட்டர் ஜாக்சன் படங்களில் பார்த்த நடிகர்களின் முகங்கள் இதில் இல்லை. ஆடுபவர் ஃப்ரோடோ அல்ல. அவர் மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாபிட் என்று ஏதாவது ஓர் இனத்தைச் சேர்ந்த சாதாரண ஆள். ஃப்ரோடோ கூட்டம் ஒரு பக்கம் போக, இவர் பின்னணியில் வேறு வேலைகளைப் பார்ப்பார். 2008-ல் மோரியா சுரங்கம், 2012-ல் ரோஹன் நாடு, 2017-ல் மோர்டோர் என்று வரைபடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. புத்தகத்தில் சில மாதங்களில் முடியும் பயணத்துக்கு விளையாட்டு 10 வருஷம் எடுத்துக்கொண்டது.

எங்கே இடித்தது?

முதல் சிக்கல், சாவு. இது மாதிரி விளையாட்டுகளில் செத்தால் அடுத்த நிமிஷமே எழுந்து வரலாம். ஆனா டோல்கீன் கதையில் கண்டால்ஃப் போன்ற வெகு சிலரைத் தவிர, போனவர்கள் போனவர்கள்தான். 24 வயதில் நண்பர்களைப் புதைகுழிக்குக் கொடுத்தவர் எழுதிய கதை அது. இதற்கு விளையாட்டு வடிவமைப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உயிர் அளவு என்பதையே எடுத்துவிட்டு 'மன உறுதி' என்று வைத்தார்கள். அடி வாங்கினால் மன உறுதி குறையும். அது தீர்ந்தால் ஆள் சாவதில்லை, தோற்றுப் பின்வாங்குகிறார்.

இரண்டாவது சிக்கல், மந்திரம். அந்த உலகத்துக்கு வந்த மந்திரவாதிகளே மொத்தம் 5 பேர்தான். ஆடுபவர்களை எல்லாம் மந்திரவாதி ஆக்கினால் கதை கெட்டுவிடும். அதனால் பழைய அறிவைப் பயன்படுத்தும் 'லோர் மாஸ்டர்' என்ற பாத்திரத்தை வைத்தார்கள். 2008-ல் நெருப்பும் மின்னலும் ஏவும் இன்னொரு பாத்திரம் வந்தபோது, இது டோல்கீன் உலகமே இல்லை என்று பல ரசிகர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது, தூரத்து மலை. தூரத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அதன் மாயம் கலைந்துவிடும் என்ற எச்சரிக்கை டோல்கீனுக்கு இருந்தது. அதனால் பல ஊர்களைப் பெயரோடு நிறுத்திக்கொண்டார். விளையாட்டால் அப்படி நிறுத்த முடியாது. பின்னிணைப்பில் சுருக்கமாக வரும் அங்மார் என்ற நாட்டை முழுசாகக் கட்டி, விளையாட்டின் முதல் கட்டத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

இதை அவர் ஏற்றிருப்பாரா? அவர் கடிதங்களைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பேசலாம். பெரிய கதைகளைத் தான் எழுதிவிட்டு, மீதியை ஓவியம், இசை, நாடகம் தெரிந்த மற்றவர்கள் நிரப்ப இடம் விட வேண்டும் என்று இளம் வயதில் கனவு கண்டவர் அவர். பிறகு அந்தக் கனவைத் தானே கேலியும் செய்தார். 1950-களின் இறுதியில் வந்த ஒரு சினிமா திரைக்கதையைப் படித்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தப்பு கண்டுபிடித்துக் கோபப்பட்டவரும் அவரே.

அந்த 1969 ஒப்பந்தம்

1965-ல் அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ் நிறுவனம் அனுமதி வாங்காமலே நாவலை மலிவு விலையில் வெளியிட்டது. சர்ச்சை பெரிதானது, புத்தகமும் கல்லூரி மாணவர்களிடம் காட்டுத்தீயாகப் பரவியது. சினிமாவைப் பொறுத்தவரை டோல்கீனும் பதிப்பாளரும் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒன்று, கதைக்கு மரியாதை கிடைக்க வேண்டும். இல்லையா, கை நிறையப் பணமாவது கிடைக்க வேண்டும். 1969-ல் 'தி ஹாபிட்', 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இரண்டின் படம் மற்றும் வணிகப் பொருள் உரிமைகளும் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. 1976-ல் அவை தயாரிப்பாளர் சால் ஜான்ட்ஸ் கைக்கு மாறின.

உரிமைதாரர்கள் கறாராக இருந்தார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பிரபல விளையாட்டில் இருந்த ஹாபிட் என்ற பெயர், 1970-களிலேயே சட்ட நெருக்கடியால் 'ஹாஃப்லிங்' என்று மாற வேண்டியிருந்தது.

பெரிய மோதல் 2012-ல் வந்தது. டோல்கீன் அறக்கட்டளைத் தரப்பும் பதிப்பாளர்களும் வார்னர் பிரதர்ஸ், சால் ஜான்ட்ஸ் தரப்புகள் மீது அமெரிக்க நீதிமன்றத்தில் 8 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். பொம்மை, துணி, எழுதுபொருள் மாதிரி கையால் தொடக்கூடிய பொருட்களுக்குத்தான் அன்று உரிமை கொடுக்கப்பட்டது. டவுன்லோடு செய்யும் விளையாட்டுக்கும் ஆன்லைன் சூதாட்ட ஆட்டத்துக்கும் அல்ல என்பது அவர்கள் வாதம். எதிர்த் தரப்பும் பதிலுக்கு வழக்குப் போட்டது. 2017-ல் இரு தரப்பும் சமரசம் ஆனார்கள். 1969-ல் யாருமே கற்பனை செய்யாத ஒரு பொருளுக்கு, அன்றைய காகிதத்தில் விடை தேட வேண்டி வந்தது.

இன்று நிலைமை என்ன?

விளையாட்டு 2010-ல் இலவசமானது. கூடுதல் வசதிகளுக்கு மட்டும் காசு. 2016 இறுதியில் ஸ்டாண்டிங் ஸ்டோன் கேம்ஸ் என்ற புதிய நிறுவனத்துக்குப் போனது. 2022-ல் சால் ஜான்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்த உரிமைகளை ஸ்வீடனின் எம்ப்ரேசர் குழுமம் வாங்கியது.

ஆனா ஒரு கதவு மட்டும் அந்த உரிமைக்குள் வரவில்லை. 1969-ல் விற்கப்பட்டது இரண்டு நாவல்களின் உரிமை மட்டும்தான். டோல்கீன் இறந்த பிறகு மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977-ல் வெளியிட்ட 'சில்மரில்லியன்' அதில் சேராது. பெரென் என்ற மனிதனும் லூதியன் என்ற எல்ஃப் பெண்ணும் காதலிக்கும் கதை முழுசாக வருவது அதில்தான். 1917-ல் மனைவி ஈடித் ஒரு காட்டில் ஆடியதைப் பார்த்து டோல்கீனுக்குத் தோன்றிய கதை அது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் சுருக்கமாகச் சொல்லப்படுவதைத் தாண்டி விளையாட்டு அதைத் தொட முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள வுல்வர்கோட் கல்லறையில் ஈடித்தும் டோல்கீனும் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஈடித் பெயருக்குக் கீழே லூதியன் என்றும், அவர் பெயருக்குக் கீழே பெரென் என்றும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊர், ரோடு, மலை, சுரங்கம் எல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டன. அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட கதை மட்டும் இன்னும் குடும்பத்திடம்தான் இருக்கிறது.