3 கிராண்ட்ஸ்லாம்தான்... உலகின் மிகப்பெரிய டென்னிஸ் மைதானத்துக்கு ஏன் ஆர்தர் ஆஷ் பெயர்?

ஜோகோவிச் 24. நடால் 22. ஃபெடரர் 20. ஆண்கள் ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை எண்ணினால் வரிசை இப்படித்தான் போகும். அந்த வரிசையில் ஆர்தர் ஆஷ் பெயரைத் தேடினால் ரொம்ப தூரம் கீழே இறங்கணும். அவரிடம் இருப்பது வெறும் 3.

ஆனா யுஎஸ் ஓபன் இறுதிப்போட்டி நடக்கும் நியூயார்க் மைதானத்துக்கு அவர் பெயர்தான். 23 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த மைதானம்தான் உலகத்திலேயே பெரிய டென்னிஸ் அரங்கம். 24 பட்டம் வாங்கியவர்கூட ஆஷ் பெயர் எழுதிய வாசல் வழியாகத்தான் உள்ளே போகணும்.

ஆஷ் என்றதும் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ் ஞாபகத்துக்கு வரலாம். இவர் வேற. அமெரிக்காவில் நிறவெறி உச்சத்தில் இருந்தபோது பிறந்து, விம்பிள்டன் கோப்பையைத் தூக்கிய கருப்பினத்தவர். 49 வயதில் மறைந்துவிட்டார். அவர் அப்படி என்ன செய்தார்?

பூங்கா காவலாளியின் மகன்

1943 ஜூலை 10. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ரிச்மண்ட் நகரத்தில் பிறந்தார் ஆஷ். பள்ளிக்கூடம், பஸ், பூங்கா என எல்லாமே வெள்ளையருக்குத் தனி, கருப்பினத்தவருக்குத் தனி என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம் அது.

அவருடைய அப்பாவுக்கு கருப்பினத்தவருக்கான புரூக் ஃபீல்ட் பூங்காவைப் பராமரிக்கும் வேலை. குடும்பம் குடியிருந்ததும் பூங்காவுக்குள்ளேயே இருந்த வீட்டில்தான். வாசலைத் தாண்டினால் டென்னிஸ் கோர்ட். 6 வயதில் அம்மாவை இழந்த அந்த ஒல்லிப் பையனுக்கு புத்தகமும் டென்னிஸ் மட்டையும்தான் துணையாகின.

பையனின் திறமையைப் பார்த்த உள்ளூர் பயிற்சியாளர், அவரை ராபர்ட் வால்டர் ஜான்சன் என்ற டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். விம்பிள்டன் வென்ற முதல் கருப்பினப் பெண் ஆல்தியா கிப்சனை வளர்த்துவிட்டவர் இவர்தான். கருப்பினச் சிறுவர்களுக்கு அவர் வைத்திருந்த விதிகள் வித்தியாசமானவை. நடுவர் தப்பாகத் தீர்ப்பு சொன்னாலும் வாதாடக் கூடாது. கோட்டுக்கு வெளியே ஒட்டி விழுகிற பந்தைக்கூட உள்ளே விழுந்ததாக நினைத்து திருப்பி அடிக்கணும். முகத்தில் கோபமே தெரியக் கூடாது.

காரணம் எளிமையானது. ஒரு வெள்ளைக்காரப் பையன் கத்தினால் அது கோபம். கருப்பினப் பையன் கத்தினால் அதோடு போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். பிற்காலத்தில் உலகமே வியந்த ஆஷின் அமைதி இப்படிப் பழக்கப்பட்டதுதான்.

சொந்த ஊரில் அவருக்கு இடமே இல்லை. வெள்ளையர் கோர்ட்டுகளில் விளையாட அனுமதி கிடையாது. குளிர்காலத்தில் உள்ளரங்க மைதானங்களின் கதவும் மூடியே இருந்தது. பள்ளியின் கடைசி வருஷத்தை செயின்ட் லூயிஸ் நகரத்துக்குப் போய்த்தான் முடித்தார். அங்கிருந்து உதவித்தொகையோடு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். 1963-ல் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்குத் தேர்வான முதல் கருப்பின வீரர் ஆனார். 1965-ல் கல்லூரிகளுக்கான தேசிய சாம்பியன்.

பட்டம் அவருக்கு, பணம் தோற்றவருக்கு

1968 அமெரிக்காவையே உலுக்கிய ஆண்டு. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் ராபர்ட் கென்னடி. அதே ஆண்டு செப்டம்பரில், தொழில்முறை வீரர்களும் அமெச்சூர்களும் சேர்ந்து ஆடிய முதல் யுஎஸ் ஓபன் நடந்தது. அப்போது ஆஷ் ராணுவத்தில் லெப்டினன்ட். பதிவு செய்திருந்தது அமெச்சூர் வீரராக.

இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் டாம் ஓக்கருடன் 5 செட் போராட்டம். முதல் செட்டே 14-12. கடைசியில் ஜெயித்தது ஆஷ். ஆனா 14 ஆயிரம் டாலர் பரிசுத்தொகை போனது தோற்ற ஓக்கருக்கு! அமெச்சூர் என்பதால் சாம்பியனுக்குக் கிடைத்தது தினப்படியாக 20 டாலர் மட்டுமே. அந்த ஆண்டு அமெரிக்க அமெச்சூர் பட்டம், யுஎஸ் ஓபன் இரண்டையும் வென்றார். அப்படி வென்ற ஒரே வீரர் அவர்தான்.

வெற்றிக்குப் பிறகு அவரிடம் மைக் நீளும்போதெல்லாம் டென்னிஸைத் தாண்டியும் கேள்விகள் வந்தன. அந்த நிறவெறிக் கேள்விகளை அவர் ஒதுக்கவில்லை. பட்டத்தின் உண்மையான மதிப்பு அவருக்குப் புரிந்தது இங்கேதான். தோற்றவன் பேசினால் புலம்பல் என்பார்கள், ஜெயித்தவன் பேசினால் உட்கார்ந்து கேட்பார்கள்.

தென்னாப்பிரிக்கா: போகலாமா, கூடாதா?

1969-ல் தென்னாப்பிரிக்க ஓபனில் ஆட விசா கேட்டார் ஆஷ். நிறவெறி அரசு மறுத்துவிட்டது. உடனே அந்த நாட்டை டேவிஸ் கோப்பையிலிருந்து நீக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். 1970-ல் தென்னாப்பிரிக்கா வெளியேற்றப்பட்டது. அதே 1970-ல்தான் ஆஸ்திரேலிய ஓபன் பட்டத்தையும் வென்றார்.

1973-ல் ஒருவழியாக விசா கிடைத்தது. தான் ஆடும்போது பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். ஒற்றையர் இறுதிப்போட்டியில் ஜிம்மி கானர்ஸிடம் தோற்றார். இரட்டையரில் ஓக்கருடன் சேர்ந்து பட்டம் வாங்கினார். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கருப்பினச் சிறுவன் அவர் பின்னாலேயே சுற்றினான். ஏன் என்று விசாரித்தபோது, சுதந்திரமாக நடமாடும் ஒரு கருப்பினத்தவரை அவன் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறான் என்று தெரிந்தது.

ஆனா இந்தப் பயணத்தைப் பலர் ஏற்கவில்லை. உள்ளே போய் ஆடுவது நிறவெறி அரசுக்கு நற்சான்றிதழ் கொடுப்பது மாதிரி என்றார்கள்.

இந்த இடத்தில் இந்தியாவின் கதையையும் சேர்த்துப் பார்க்கணும். மறு வருஷமே, 1974-ல், டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்கு வந்தது இந்தியா. அணியில் சென்னைக்காரர்களான விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரணி, மீண்டும் போட்டிக்குள் சேர்க்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்கா. நிறவெறி நாட்டோடு ஆட முடியாது என்று இந்தியா விலகியது. ஆடாமலேயே கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. இந்தியா இன்றுவரை டேவிஸ் கோப்பையை வென்றதில்லை.

இது திடீர் முடிவு இல்லை. காந்தி அங்கே போராடிய காலத்திலிருந்தே தொடரும் உறவு. ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தபோதே அந்தப் போராட்டத்துக்குப் பணம் அனுப்பியவர்.

ஆக, ஒரே அநியாயத்துக்கு இரண்டு விதமான பதில்கள். உள்ளே போய்க் கதவைத் தட்டினார் ஆஷ். வாசலுக்கே வர மாட்டேன் என்றது இந்தியா. எது சரி? அதற்கு ஆஷே பதில் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் ஒரு போட்டிக்கு கருப்பினச் சிறுவர்களுக்காக டிக்கெட் வாங்கப் போனபோது, ஆப்பிரிக்கர்களுக்கான தனி கவுன்டருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். 1977-ல், தான் அங்கே போய் ஆடியது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, புறக்கணிப்பு இயக்கத்தின் பக்கம் வந்தார். 1985-ல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகம் முன் போராடிக் கைதானார். புகழின் உச்சியில் இருக்கும் ஒருவர் தன் கருத்தை ஊரறிய மாற்றிக்கொள்வது அவ்வளவு சாதாரணமா?

1975 விம்பிள்டன்: மெதுவாக அடித்து ஜெயித்த போட்டி

1975 ஜூலை 5. விம்பிள்டன் இறுதிப்போட்டி. ஒரு பக்கம் நடப்பு சாம்பியன் கானர்ஸ், வயது 22. அந்தத் தொடரில் ஒரு செட்கூட இழக்காமல் வந்தவர். இன்னொரு பக்கம் ஆஷ், 32 வயதைத் தொட 5 நாள்தான் பாக்கி. அதுவரை கானர்ஸை அவர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போதாக்குறைக்கு, டேவிஸ் கோப்பையில் ஆடாததை விமர்சித்ததற்காக ஆஷ் மீது கானர்ஸ் அவதூறு வழக்கு வேற போட்டிருந்தார்.

அன்றைக்கு ஆஷ் எதுவும் பேசவில்லை. அமெரிக்க டேவிஸ் கோப்பை அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சென்டர் கோர்ட்டுக்குள் நடந்து வந்தார். அவ்வளவுதான்.

வேகமாக வரும் பந்தை அதைவிட வேகமாகத் திருப்புவதுதான் கானர்ஸின் பலம். அதனால் ஆஷ் வேகத்தையே கொடுக்கவில்லை. ஓங்கி அடிப்பதுதான் அவருடைய இயல்பான ஆட்டம். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு மெதுவான, தாழ்வான பந்துகளாகப் போட்டார். சர்வீஸை வளைத்து கோர்ட்டுக்கு வெளியே இழுத்தார். இடைவேளைகளில் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கருப்பினத்தவர் ஆஷ். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை.

மனைவியின் பெயரில் ஒரு முத்துசாமி

1977-ல் புகைப்படக் கலைஞர் ஜீன் முட்டுசாமியைத் திருமணம் செய்தார் ஆஷ். அந்தப் பெயரை நிதானமாக உச்சரித்துப் பாருங்கள். ஆமாம், முத்துசாமிதான்!

பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை 1848-ல் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பற்றாக்குறை வந்ததும், புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். குவாடலூப் தீவில் முத்துசாமிகள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் முட்டுசாமி ஆனார்கள். ஜீனின் தந்தைவழி வேர் அந்தத் தீவில்தான் இருக்கிறது. மொழி போய்விட்டது, ஊர் மறந்துவிட்டது, பெயர் மட்டும் அட்லாண்டிக்கைத் தாண்டி நின்றது. இன்றும் அவர் பெயர் ஜீன் முட்டுசாமி ஆஷ்தான்.

ரத்தத்தில் வந்த ஆபத்து

1979 ஜூலையில் மாரடைப்பு. 36 வயது, உடம்பில் துளி கொழுப்பு இல்லாத விளையாட்டு வீரர். ஆனா குடும்பத்தில் இதய நோய் இருந்தது. பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து 1980-ல் ஓய்வை அறிவித்தார். ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அவர் கேப்டனாக இருந்தபோது 1981, 1982 என இரண்டு முறை அமெரிக்கா டேவிஸ் கோப்பையை வென்றது.

1983-ல் இரண்டாவது பைபாஸ். அப்போது ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி கிருமி இருந்தது. தானமாக வரும் ரத்தத்தில் எச்.ஐ.வி-யைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையே 1985-ல்தான் வந்தது. 1988-ல் வலது கை செயலிழந்து மருத்துவமனைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அதே ஆண்டுதான் அமெரிக்கக் கருப்பின விளையாட்டு வீரர்களின் வரலாற்றை 3 தொகுதிகளாக எழுதி வெளியிட்டிருந்தார்.

எய்ட்ஸ் என்றாலே ஒதுக்கிவைத்த காலம் அது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி தொற்று 1986-ல் கண்டறியப்பட்டது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமன் அதைக் கண்டறிந்த பிறகு, இங்கேயும் நோயைவிட வேகமாகப் பரவியது பயம்தான். ஆஷ் தன் நோயை நெருங்கியவர்களைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மகள் கேமராவுக்கு அப்போது 2 வயதுகூட நிரம்பவில்லை.

1992 ஏப்ரலில் ஒரு நாளிதழ் மோப்பம் பிடித்துவிட்டது. செய்தி வெளிவரும் முன் தானே சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, ஏப்ரல் 8 அன்று செய்தியாளர்களைச் சந்தித்தார். மகளைப் பற்றிய இடம் வந்ததும் குரல் உடைந்தது. வாழ்நாள் முழுக்கக் கோபத்தையும் கண்ணீரையும் அடக்கிப் பழகியவரால் அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அந்தப் பகுதியை மனைவி ஜீன் வாசித்தார்.

ஒருவரின் நோய் ஊருக்குத் தெரியணுமா என்ற விவாதம் அன்று அமெரிக்கா முழுக்க நடந்தது. இன்றும் நம் கையில் இருக்கும் ஒவ்வொரு செல்போனிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மீதமிருந்த 10 மாதங்களை ஆஷ் வீணாக்கவில்லை. எய்ட்ஸ் ஒழிப்புக்கு அறக்கட்டளை தொடங்கினார். ஹைட்டி அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் போராடி மறுபடியும் கைதானார். டிசம்பர் 1, எய்ட்ஸ் தினத்தன்று ஐ.நா.வில் பேசினார். 1993 பிப்ரவரி 6 அன்று காலமானார்.

ஆர்தர் ஆஷ்: ஒரு பார்வை

* யுஎஸ் ஓபன் – 1968
* ஆஸ்திரேலிய ஓபன் – 1970
* விம்பிள்டன் – 1975
* இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் – பிரெஞ்சு ஓபன் 1971, ஆஸ்திரேலிய ஓபன் 1977
* தொழில்முறை வீரர்கள் சங்கமான ஏடிபி-யை 1972-ல் தொடங்கியவர்களில் ஒருவர்
* அமெரிக்காவின் உயரிய விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் – 1993, மறைவுக்குப் பின்

அசையாத சிலை

1997-ல் நியூயார்க் மைதானம் திறக்கப்பட்டபோது அதற்கு ஆஷ் பெயர் வைத்தார்கள். ஆனா அதற்கு ஒரு வருஷம் முன்பே, அவரை விளையாட விடாத ரிச்மண்ட் நகரம் அவருக்குச் சிலை வைத்துவிட்டது. அதுவும் மான்யுமென்ட் அவென்யூவில். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென்மாநிலத் தளபதிகளின் சிலைகள் வரிசையாக நின்ற சாலை அது. அந்த வரிசையில் ஒரு கருப்பினத்தவரா என்று எதிர்ப்பும் கிளம்பியது.

சிலையில் ஆஷின் ஒரு கையில் டென்னிஸ் மட்டை, இன்னொரு கையில் புத்தகங்கள். புத்தகம் இருக்கும் கைதான் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் குழந்தைகள்.

2020, 2021-ல் நிறவெறிக்கு எதிரான போராட்டங்களைத் தொடர்ந்து அந்தத் தளபதிகளின் சிலைகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. குதிரைகளும் வாள்களும் போய்விட்டன. பூங்கா காவலாளியின் மகன் மட்டும் அதே இடத்தில் நிற்கிறார்.