அவையஞ்சிய வழக்கறிஞர்

சென்ற ஆண்டு எம் துறையில் பட்டம் பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர், வெளியூரில் பணியில் சேர்ந்த முதல் வார இறுதியிலேயே ஊர் திரும்பி, என் இல்ல வாயிலில் வந்து நின்றார். அவருடைய தந்தையார் நாமக்கல்லில் லாரி ஓட்டுநர். அக்குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை அவரே. அலுவலகக் கூட்டத்தில் தம்மைப் பற்றி நான்கு சொற்கள் கூறுமாறு பணித்தபோது நா எழவில்லை என்றும், சுற்றியிருந்தோர் பார்த்த பார்வையை நினைத்தால் மீண்டும் அங்குச் செல்ல மனம் துணியவில்லை என்றும் கூறித் தலைகுனிந்தார். அவரை அமரச் செய்து நான் எடுத்துரைத்த வரலாற்றையே இம்மலரில் எழுதுகின்றேன். சேலம், நாமக்கல் சமவெளியின் ஊர்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகளாய்ப் புறப்படும் நம் பிள்ளைகள் பலருக்கும் அது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் இருப்பதை நம் மாணவர் அறிவர். மூதறிஞர் இராஜாஜி அதனை 1925-ஆம் ஆண்டு நிறுவினார். காந்தியடிகள் அவ்வாண்டிலும், பின்னர் 1934-ஆம் ஆண்டிலும் அங்கு வருகை புரிந்தார். செல்லும் ஊரெல்லாம் அவர் சொல்லைக் கேட்க மக்கள் திரண்ட காலம் அது. அத்தகைய மனிதர், இளமையில் பத்துப் பேர் கூடிய அவையிலும் வாய் திறக்க இயலாமல் நடுங்கியவர் என்றால் நம்புவது அரிது. எனினும் அஃது உண்மை. தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே அதனை ஒளிவு மறைவின்றி எழுதி வைத்துள்ளார்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், பள்ளிப் பருவத்திலேயே பெருங்கூச்சம் உடையவர். மணி அடித்தவுடன் யாரேனும் பேச்சுக் கொடுத்துவிடுவரோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவிடுவாராம். 1888-இல் சட்டம் பயில இலண்டன் சென்றார். அங்குச் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இடம்பெற்றும், கூட்டங்களில் வாளாவிருந்தார். ஒருமுறை தம் கருத்தை எழுதியே கொண்டு சென்றார். அதனைப் படிக்கவும் துணிவு பிறக்காமையால் வேறொருவர் படிக்க நேர்ந்தது. 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு அளித்த விருந்தில் ஆயத்தம் செய்திருந்த உரை முதல் வாக்கியத்தோடு நின்றுபோயிற்று.

கூச்சம் கல்லூரி நாளோடு முடிந்திருந்தால் கவலை இல்லை. அது பணிக்களத்திற்கும் உடன் வந்தது. பாரிஸ்டர் பட்டத்தோடு பம்பாய் சென்றவருக்கு வழக்குகள் எளிதில் வரவில்லை. தரகருக்குப் பங்கு கொடுக்க அவர் மறுத்தார். இறுதியில் மமிபாய் என்னும் பெண்மணியின் சிறு வழக்கு ஒன்று முப்பது ரூபாய் ஊதியத்திற்குக் கிடைத்தது. எதிர்த் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, நீதிமன்றமே சுழல்வது போலிருந்தது, கேட்க ஒரு வினாவும் தோன்றவில்லை. அமர்ந்துவிட்டார். வாங்கிய தொகையைத் திருப்பித் தந்துவிட்டு, வேறு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளுமாறு கூறி வெளியேறினார்.

தமையனாரோ தம்பியின் படிப்புக்குப் பெரும்பொருள் செலவிட்டுக் காத்திருந்தார். எழுபத்தைந்து ரூபாய் ஊதியத்தில் பகுதிநேர ஆங்கில ஆசிரியர் பணிக்கு மோகன்தாஸ் விண்ணப்பித்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்று அதுவும் மறுக்கப்பட்டது. இராஜ்கோட்டுக்குத் திரும்பி, மனுக்கள் எழுதிக் கொடுத்து வருவாய் ஈட்டலானார். பேச வேண்டாத தொழிலில் அவர் கை ஓடியது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நிலையில்தான் போர்பந்தரைச் சேர்ந்த மேமன் வணிகர்களாகிய தாதா அப்துல்லா நிறுவனத்தாரின் அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர்கள் நடத்திய நாற்பதாயிரம் பவுன் பெறுமான வழக்கில், அங்குள்ள வழக்கறிஞர்களுக்குச் செய்திகளை விளக்கி உதவ ஓர் ஆள் தேவைப்பட்டது. ஓராண்டுப் பணி; முதல் வகுப்புப் பயணச் செலவும் நூற்றைந்து பவுன் ஊதியமும் தருவதாக ஏற்பாடு. 1893 ஏப்ரலில் கப்பலேறியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

டர்பனில் இறங்கியவரைக் கண்ட அப்துல்லா சேட்டுக்குத் தொடக்கத்தில் ஐயமே மிகுந்தது. ஆங்கிலேயரைப் போல் உடுத்தும் இவ்விளைஞரைப் பேணுவது வீண் செலவாகுமோ என்று எண்ணினார். ஏட்டுக்கல்வி குறைவாயினும் உலகியலறிவு நிறைந்தவர் அவர். ஆயினும், ஐயம் கொண்டாரேயன்றி விரட்டிவிடவில்லை. உடன் வைத்துப் பழகினார். தொழிலின் போக்கைக் காட்டினார். இசுலாத்தின் நெறிகளைப் பற்றியும் உரையாடினார்.

வழக்கு முழுவதும் கணக்கு வழக்காகவே இருந்தது. காந்திக்கோ கணக்கியல் தெரியாது. பேரேடுகளைப் பற்றிய சாட்சியத்தில் அடிக்கடி வந்த ஒரு சுருக்கச் சொல்லுக்குப் பொருள் புரியாமல் அகராதியைத் தேடினார், கிடைக்கவில்லை. எழுத்தர் ஒருவரைக் கேட்டே அது கடனுறுதிச் சீட்டு என்று அறிந்தார். நம் பகுதியில் புரோநோட்டு என்று சிறுவரும் அறிந்த ஒன்றனை இலண்டன் பாரிஸ்டர் அறிந்திலர்! தெரியாததைத் தெரியும் என்று நடிக்காமல், கணக்கியல் நூல் ஒன்றை வாங்கிப் பயின்றார். அப்பயிற்சிதான் தமக்கு ஓரளவு தன்னம்பிக்கை தந்தது என்கின்றார். அவருடைய அச்சம் முதலில் தளர்ந்த இடம் நீதிமன்றம் அன்று. கணக்கேட்டின் முன் அமர்ந்த மேசையே.

பின்னர்ப் பிரிட்டோரியா பயணம். வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் நிறத்தின் பேரால் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கப்பட்டதும், குளிரில் அவ்விரவைக் கழித்ததும் உலகறிந்த செய்திகள். ஊர் திரும்பிவிடலாமா என்னும் எண்ணம் அவருக்கும் அன்று எழுந்தது. ஏற்ற பணியை முடிக்காமல் திரும்புவது கோழைத்தனம் என்று தெளிந்து, அடுத்த வண்டியில் ஏறினார்.

பிரிட்டோரியாவை அடைந்த சில நாள்களில் அங்கு வாழ்ந்த இந்தியரின் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். ஹாஜி முகம்மது ஹாஜி ஜூசப் சேட் அவர்களின் இல்லத்தில் அது நிகழ்ந்தது. வந்தோருள் பெரும்பாலோர் மேமன் வணிகர். வணிகத்தில் வாய்மை என்னும் பொருள் பற்றி அவர் அங்கு ஆற்றிய உரையே தம் வாழ்வின் முதற் சொற்பொழிவு என்று குறிப்பிடுகின்றார். இலண்டனில் ஒரு வாக்கியத்தோடு நின்ற நா அன்று தடையின்றி ஓடியது. காரணம் யாது? அன்று அவர் தம்மைப் பற்றி எண்ணவில்லை. வந்தோரின் இன்னல்களையே எண்ணினார். ஆங்கிலம் கற்க விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகவும் கூறினார். முன்வந்தோர் மூவர்: நாவிதர் ஒருவர், எழுத்தர் ஒருவர், சிறு கடைக்காரர் ஒருவர். அவர்கள் ஓய்வாயிருந்த நேரம் பார்த்து அவரவர் இடத்துக்கே சென்று கற்பித்தார். ஆசிரியர் பணி மறுக்கப்பட்டவர் அங்கு ஆசிரியரானார்.

வழக்கின் தாள்கள் அனைத்தையும் பயின்றபின், அதன் உண்மைகளை அவரளவு அறிந்தவர் சிலரே. தாதா அப்துல்லாவின் பக்கம் வலிமை இருந்தது. எனினும் எதிர்த்தரப்பினரான தையப் சேட் அவருக்கு உறவினர், ஓரூரினர். வழக்கு நீண்டால் இருவரும் அழிவர் எனக் கண்ட காந்தி, இருவரையும் இணங்கச் செய்து நடுவரிடம் விடுத்தார். முப்பத்தேழாயிரம் பவுனும் செலவுத் தொகையும் தருமாறு தீர்ப்பாயிற்று. அத்தொகையை ஒருங்கே செலுத்தினால் தையப் சேட் திவாலாவார். அம்மக்களுக்கோ திவாலாவதினும் சாதல் இனிது. வென்றவரிடம் பேசித் தவணைகளில் பெற்றுக்கொள்ள இசைய வைத்தார். சாட்சியிடம் ஒரு வினாவும் கேட்க இயலாத இளைஞர், இரு பெருவணிகரின் மனங்களை மாற்றவல்லவர் ஆனார்.

அடுத்த ஆண்டு, 1894 செப்டம்பரில், நேட்டால் உச்சநீதிமன்றம் அவரை வழக்கறிஞராக ஏற்றது. சில திங்களில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி, முன்பற்கள் உடைந்து குருதி வழிய, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு அவர் அலுவலகத்துள் நுழைந்தார். முதலாளி அடித்த அடி அது. அவர் பேசிய தமிழ் காந்திக்குப் புரியவில்லை. அலுவலகத் தமிழ் எழுத்தர் வாயிலாகக் கேட்டறிந்தார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் செய்தார். மருத்துவச் சான்று பெற்று நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முடிவில் பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிவிட்டார். இச்செய்தி தமிழகம் வரை எட்டியது. கடல் கடந்த தமிழ்க் கூலி மக்கள் தமக்கும் கேட்பார் உண்டு என்று அன்று அறிந்தனர்.

திருக்குறளில் அவையஞ்சாமை என்றே ஓர் அதிகாரம் உண்டு. அவையில் அஞ்சாது விடையளித்தற்பொருட்டு முறையறிந்து கற்குமாறு வள்ளுவர் அதில் கூறுகின்றார். தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு மூஸா நபி (அலை) அவர்கள் இறைவனிடம் வேண்டியதும் நாம் அறிந்ததே. ஆதலின் அச்சம் இழிவன்று. பெரியோர்க்கும் அது இருந்தது. காந்தியடிகள் அதனை வென்ற வழி இரண்டு: தம் பணியின் பொருளைப் பிறரினும் நன்கு கற்றார், தம்மை மறந்து பிறர் துயரை எண்ணினார். கூச்சம் முற்றும் நீங்கியதாக அவர் கூறவில்லை. சொற்களைச் சுருக்கிப் பேச அது தமக்குக் கற்பித்தது என்றே நன்றி பாராட்டுகின்றார்.

எனக்கும் முதல் வகுப்பில் கையிலிருந்த சுண்ணக்கோல் வியர்வையில் நனைந்த நினைவுண்டு. அதனையும் அம்மாணவரிடம் கூறினேன். பேச்சை மறந்து, முதலில் அலுவலகத்தின் பதிவேடுகளைக் கற்குமாறு சொன்னேன். ஞாயிறு இரவே பேருந்து ஏறினார். இன்றும் அங்கேயே பணிபுரிகின்றார்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் கடைகளிலும் தொழிற்கூடங்களிலும் அலுவலகங்களிலும் புதிதாய் வந்து நா குழறி நிற்கும் பிள்ளையைக் காண்பீர்கள். முதல் வாரத்தில் அவனை அளந்துவிடாதீர்கள். தாதா அப்துல்லா சேட் தம் ஐயத்தை மனத்துள் வைத்துக்கொண்டு அவ்விளைஞருக்குச் சிறிது காலம் கொடுத்தார். அவர் கொடுத்த அந்தக் காலத்தை நீங்களும் கொடுங்கள்.