அண்ணாவும் என் வெற்றிலைப் பையும்

திருக்கேதீஸ்வரம் என் ஊர். இடம்பெயர்ந்த இடமெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் என்னோடு வந்தன. மீளக்குடியேறிய பின் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. போர் பழக்கிய பொறுமையில் ஆறு மாதம் சும்மா இருந்தேன். பிறகுதான் தொண்டைப் புற்றுநோய் என்றார்கள்.

கதிர்ச்சிகிச்சையில் குரல் அடைத்துக் கிடந்தபோது அறிஞர் அண்ணாவையே நினைத்தேன். 1909 இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1949 இல் தி.மு.க.வைத் தொடங்கி, பேச்சாலே மக்களைத் திரட்டி, 1967 இல் முதலமைச்சரானவர். அவருக்கும் புகையிலைப் பழக்கம் இருந்தது. மறு ஆண்டே உணவுக்குழாயில் புற்றுநோய். நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை செய்து திரும்பினார். 1969 ஜனவரி 14 இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனதைக் கண்டார். பெப்ரவரி 3 இல், 59 வயதில் காலமானார்.

எனக்குக் குரல் பாதி மீண்டிருக்கிறது. அந்தப் பாதிக் குரலில் சொல்கிறேன்: விழுங்கச் சிரமமோ, குரல் கரகரப்போ மூன்று வாரம் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். இதில் பொறுமை வேண்டாம்.