தோலுக்குள் இருந்த முறுக்கு: ஜி.என். ராமச்சந்திரன்



குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கத்துப் பிள்ளைகளான நமக்குத் தோல் புதிதல்ல. டேனரியில் சுண்ணாம்பில் ஊற வைத்து, முடி நீக்கி, பதம் போட்ட பிறகும் அது கிழியாமல் நிற்கிறதே, எதனால்? கொலாஜன் என்ற புரதத்தால். கொத்தனார் சாரத்தில் நிற்பது மாதிரி, நம் உடம்பின் செல்கள் கொலாஜனைப் பிடித்துக்கொண்டுதான் வளருகின்றன. தீக்காயத்தின் மேல் ஒட்டும் சவ்வும் இதில் செய்யப்படுகிறது. இதன் உள்ளமைப்பைக் கண்டு சொன்னவர் சென்னையில் வேலை பார்த்த பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன்.

அவர் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது வயது சுமார் முப்பதுதான்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கொலாஜன் நார் வரிவரியாகத் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி சுமார் 67 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 67 பங்கு! 1940-களிலேயே அமெரிக்காவில் இந்த வரிகளைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு மூலக்கூறின் பருமன் சுமார் ஒன்றரை நானோமீட்டர்தான். அதற்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை.

ராமச்சந்திரன் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்தார். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது. கோபிநாத் கர்த்தாவும் அவரும் படம் எடுத்து, கணக்குப் போட்டு, 1954-ல் 'நேச்சர்' இதழில் விடையை வெளியிட்டார்கள். கொலாஜன் என்பது மூன்று இழை சேர்ந்த கயிறு! ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடத்தில் எல்லாம் கிளைசின் இருக்கும். கயிற்றின் நடுவில் இடம் குறுகல், மிகச் சிறிய கிளைசின்தான் அங்கே அடங்கும். 1955-ல் முறுக்கை இன்னும் சரி செய்து மறுபடி வெளியிட்டார்கள்.

அப்போதுதான் வந்தது எதிர்ப்பு. முறுக்கு சரிதான், ஆனால் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று ரிச், கிரிக் இருவரும் ஆட்சேபித்தார்கள். கிரிக் யார்? டி.என்.ஏ. அமைப்பைக் கண்ட இருவரில் ஒருவர்! வேறு ஆளாக இருந்தால் வாயடைத்துப் போயிருப்பார். ராமச்சந்திரன் அந்த ஆட்சேபத்தையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளில் தேடித் தொகுத்தார். 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 'ராமச்சந்திரன் வரைபடம்' பிறந்தது. புரத அமைப்பைச் சரிபார்க்க இன்றும் உலகம் முழுக்க அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். நோபல் பரிசு கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர்.

எங்க வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவன் நான். என்னைப் போல நம்மில் நிறையப் பேர் உண்டு. பெரிய இடத்து ஆள் குறுக்கே ஒரு கேள்வி கேட்டால், நமக்கு இதெல்லாம் வராது என்று ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்க வேண்டாம் நண்பர்களே! அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போவோம்.