நோய்க்குக் காரணம் தேடிய ஈப்போ டாக்டர்

ஈப்போவில் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷா என்று சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். புருஸ்டர் ரோடு என்றால் உடனே தலையாட்டுவார்கள். அந்த ரோட்டில்தான் 1937-க்குப் பிறகு டாக்டர் வூ லியென் தே கிளினிக் வைத்து வைத்தியம் பார்த்தார். சளி, காய்ச்சல் என்று அவர் முன்னால் போய் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரிந்திருக்குமோ! 1935-ல் நோபல் பரிசுக்குப் பெயர் முன்மொழியப்பட்டவர் அவர். மலாயாவில் பிறந்தவர்களில் அந்தப் பெருமை முதலில் அவருக்குத்தான் கிடைத்தது.

பினாங்கில் 1879-ல் பிறந்தார். தகப்பனார் பொற்கொல்லர், வீடு நிறையப் பிள்ளைகள். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, 1896-ல் ராணி உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். பிறகு லிவர்பூலில் ரொனால்ட் ராஸிடம் பாடம் கேட்டார். 1897-ல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த அதே ராஸ்தான். அதுவரை சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றுதான் குளிர்காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்களே நம்பியிருந்தார்கள்.

1903-ல் ஊர் திரும்பிய வூ, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் ஓராண்டு பெரிபெரி நோயை ஆராய்ந்தார். கால் வீங்கி, நடை தளர்ந்து, கடைசியில் நெஞ்சு அடைத்துச் சாகும் நோய் அது. ஈய லம்பங்களில் சீனத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். நம் ஆட்களுக்கோ அது அதிகம் வரவில்லை. ஏன்? அவர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி. நாம் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை வேக வைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த விடை வூ போன பிறகுதான், 1907-க்கும் அதை அடுத்த ஆண்டுகளுக்கும் இடையில், இதே மலாயாவில் மற்ற டாக்டர்களால் தெளிவானது. நம் பாட்டிமார் அண்டாவில் அவித்த நெல்லுக்கு இப்படி ஒரு மகிமை!

இவ்வளவு படித்தவருக்கு அரசாங்க வைத்திய இலாகாவில் மேல் பதவி கிடைத்ததா? இல்லை. அது வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். சரியென்று பினாங்கில் தனியாகத் தொழில் நடத்திக்கொண்டே அபினை எதிர்த்துக் கிளம்பினார். அபின் வியாபாரம் சர்க்காருக்குப் பெரிய வருமானம். (தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.) 1907-ல் அவருடைய கிளினிக்கில் கொஞ்சம் அபின் மருந்து இருந்ததென்று வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். அடுத்த ஆண்டு சீனாவுக்குப் போய்விட்டார். நாம் கைவிட்டவரைச் சீனா பிடித்துக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

1910 டிசம்பர் 24. மஞ்சூரியாவில் ஹார்பின் நகரம். எலும்பை உறைய வைக்கும் குளிர். இருமி, இரத்தம் கக்கி, ஓரிரு நாளில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பிளேக் என்றால் எலியும் அதன் தெள்ளுப்பூச்சியுமே காரணம் என்பது அன்றைய பாடம். ஆனால் எத்தனை எலியை அறுத்துப் பார்த்தாலும் கிருமியைக் காணோம். பிணத்தை அறுப்பது அங்கே பெரிய பாவம். செத்துப்போன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை வூ ரகசியமாக அறுத்துப் பார்த்தார். நுரையீரல் முழுக்கப் பிளேக் கிருமி! அப்படியானால் எலி வேண்டாம். இருமலோடு வரும் மூச்சே போதும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிவிடும்.

தோலுக்காக மார்மட் என்னும் வளைப்பிராணியை வேட்டையாடியவர்களிடம் தொடங்கிய நோய், ரயிலேறி ஊர் ஊராகப் பரவியிருந்தது. வூ எல்லாருக்கும் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த முகமூடியைக் கட்டச் சொன்னார். மெஸ்னி என்ற பிரெஞ்சு டாக்டர் வயதிலும் அனுபவத்திலும் பெரியவர். எலி நோய்க்கு முகமூடி எதற்கு என்று வூவின் இனத்தைச் சொல்லி ஏசினார். முகத்தைத் திறந்தபடியே நோயாளிகளைப் போய்ப் பார்த்தார். சில நாட்களிலேயே, 1911 ஜனவரியில், அதே நோயில் இறந்தார். பிறகுதான் ஊரே முகமூடி தேடி ஓடியது. அந்த மனிதரின் சாவு வூவுக்கு வெற்றியல்ல. அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்பதுதான் உண்மை.

நோயாளிகளோடு பழகியவர்களை ரயில் பெட்டிகளில் தனியே வைத்தார்கள். நம் முன்னோர் கப்பலை விட்டு இறங்கியதும் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் அடைபட்டுக் கிடந்தார்களே, அந்த மாதிரி. மண் உறைந்து குழி தோண்ட முடியாமல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிணங்கள் வெளியே கிடந்தன. முன்னோரைப் புதைத்து வணங்கும் சனங்களிடம் எரிக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? வூ அரசரின் அனுமதி வாங்கி ஜனவரி 31-ல் எரிக்கத் தொடங்கினார். மார்ச் 1-க்குப் பிறகு ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. அதற்குள் மொத்தம் சுமார் 60,000 பேர் போய்விட்டார்கள்.

2020-ல் கொவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாடு போட்டபோது நாம் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு கடைக்குப் போனோமே, அந்தப் பழக்கத்தின் வேர் ஹார்பினில்தான் இருக்கிறது.

சீனாவை ஜப்பான் தாக்கியதும் 1937-ல் வூ மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் குடியேறினார். இங்கேயும் ஜப்பான்காரன் வந்தான். அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டால், ஏன் கொடுத்தாய் என்று ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான்! அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு ஜப்பானிய அதிகாரியின் தயவால் தப்பினார்.

யுத்தம் முடிந்த பிறகும் ஓயவில்லை. பணம் திரட்டி, ஈப்போவில் இலவசமாகப் புத்தகம் கிடைக்கும் பேராக் நூல்நிலையம் உருவாகக் காரணமானார். அதுதான் பின்னாளில் துன் ரசாக் நூல்நிலையம் ஆனது. 1959-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். ஓய்வாக இருக்கலாமென்று பினாங்கில் புது வீடு வாங்கினார். அங்கே, 1960 ஜனவரி 21-ல், எண்பதாவது வயதில் பக்கவாதத்தால் காலமானார்.