புத்தகம் தைத்த சிறுவன் – மைக்கேல் பாரடே

கடையிலிருந்து சர்க்கரையோ பருப்போ வந்த பழுப்பு நிறக் காகிதப் பையைப் பெரும்பாலும் கசக்கி எறிந்துவிடுகிறோம். அதன் அடிப்பகுதியை நறுக்கி, ஒட்டியிருக்கும் பக்கத்தைக் கத்தரித்து விரித்தால், உறுதியான தாள் ஒன்று கிடைக்கும். அத்தகைய தாள்களைக் கனமான பொருளின் கீழ் ஓரிரவு வைத்துச் சுருக்கம் நீக்கி, ஒரே அளவாக வெட்டி, நடுவில் மடித்து, ஒன்றினுள் ஒன்றாகச் செருக வேண்டும். மடிப்பில் ஊசியால் துளையிட்டு நூலால் தைத்து, பழைய பெட்டியின் அட்டையை மரவள்ளி மாவுப் பசையால் மேலே ஒட்டினால், காசு செலவின்றித் திரட்டேடு ஒன்று உருவாகிவிடும்.

மாணவச் செல்வங்களே, இவ்வாறு தாளை மடிப்பதும் தைப்பதும் ஒட்டுவதுமே பிழைப்பாகக் கொண்டிருந்த ஏழைச் சிறுவன் ஒருவன், தன் கையால் கட்டிய ஏடு ஒன்றைக் கொண்டு அறிவியல் உலகின் கதவைத் திறந்தான். நம் இல்லங்களில் விளக்கு எரிவதற்கும் தொழிற்சாலைகளில் பொறிகள் சுழல்வதற்கும் அவன் பிற்காலத்தில் கண்டறிந்த உண்மையே அடிப்படையாகும். அவன் பெயர் மைக்கேல் பாரடே.

பாரடே 1791 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வடஇங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வேலை தேடி நகருக்கு வந்தவர். பிள்ளைகள் நால்வர், மைக்கேல் மூன்றாமவன். தந்தைக்கோ உடல்நலம் குன்றிக்கொண்டே வந்தது. சம்மட்டி பிடிக்கும் கை ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்துவிடும் குடும்பம் அது. 1801 ஆம் ஆண்டில் தானிய விலை மிக உயர்ந்தபொழுது, சிறுவன் மைக்கேலுக்கு ஒரு ரொட்டி கொடுக்கப்பட்டது. அந்த ஒரு ரொட்டியை அவன் ஒரு வாரத்திற்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பள்ளிப் படிப்பு என்று சொன்னால், எழுதப் படிக்கவும் சிறிது கணக்கிடவும் தெரிந்தது, அவ்வளவே.

பதின்மூன்றாம் வயதில், 1804 ஆம் ஆண்டில், பிளாண்ட்போர்டு தெருவில் ஜார்ஜ் ரீபோ என்பவர் நடத்திவந்த புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அக்காலத்தில் செய்தித்தாளின் விலை அதிகம். ஆகவே ரீபோ செய்தித்தாளை வாடகைக்குக் கொடுப்பார். ஒரு வீட்டார் படித்து முடித்ததும் அதைப் பெற்று அடுத்த வீட்டில் சேர்ப்பது மைக்கேலின் வேலை. ஓராண்டுக்குள் அவனுடைய நேர்மையும் சுறுசுறுப்பும் ரீபோவின் மனத்தைக் கவர்ந்தன. 1805 ஆம் ஆண்டில் புத்தகம் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்கு அவனைச் சேர்த்துக்கொண்டார். தொழில் கற்பிக்க முன்பணம் வாங்குவது அந்நாளைய வழக்கம். ரீபோ ஒரு காசும் வாங்கவில்லை.

அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள்களை வரிசை பிறழாமல் மடிக்க வேண்டும். மடித்த கற்றைகளைக் கயிறுகளோடு சேர்த்துத் தைக்க வேண்டும். முதுகுப்புறத்தில் பசை தடவி, அழுத்துப் பொறியில் இறுக்கி, விளிம்புகளைச் சீராக வெட்டி, அட்டை பொருத்தித் தோல் போர்த்த வேண்டும். ஒரு மடிப்புக் கோணினால் புத்தகமே கோணிவிடும். இத்தொழிலில் மைக்கேல் கை தேர்ந்தவன் ஆனான். ஆனால் மற்றப் பையன்கள் செய்யாத வேலை ஒன்றையும் அவன் செய்தான். கட்ட வந்த புத்தகங்களைப் படித்தான்! மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும், பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றி வந்த கட்டுரையும் அவ்வாறு அவன் கைக்கு வந்தவையே. படித்ததோடு நில்லாமல், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த கண்ணாடிப் புட்டிகளைக் கொண்டு சிறிய மின்பொறி ஒன்றையும் செய்து பார்த்தான். வேறு முதலாளியாக இருந்தால் வேலை நேரத்தில் படிக்கிறான் என்று காதைத் திருகியிருப்பார். ரீபோ தடுக்கவில்லை; வாடிக்கையாளர்களிடம் பையனைப் பற்றிப் பெருமையாகவும் பேசினார். பாரடேயின் புகழில் இந்தக் கடைக்காரருக்கும் பங்கு உண்டு என்றே கூறத் தோன்றுகிறது.

அந்நாட்களில் ஐசக் வாட்ஸ் என்னும் சமயப் பெரியார் எழுதிய, மனத்தைப் பண்படுத்தும் முறைகளைக் கூறும் நூல் ஒன்றை மைக்கேல் படித்தான். படித்தவற்றையும் கேட்டவற்றையும் குறித்து வைக்க வேண்டும் என்பது அந்நூலின் அறிவுரைகளுள் ஒன்று. அதைப் பின்பற்றி, 1809 ஆம் ஆண்டு முதல் திரட்டேடு ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினான். செய்தித்தாள்களிலும் இதழ்களிலும் வந்த அறிவியல் செய்திகள், கைத்தொழில் குறிப்புகள், வியப்பான நிகழ்ச்சிகள் ஆகியவற்றையெல்லாம் அதில் சேர்த்து எழுதினான். இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மைக்கேலுக்கு நினைவாற்றல் குறைவு. படித்தது மறந்துபோகும் என்ற அச்சம் வாழ்நாள் முழுவதும் அவனை விடவில்லை. மனம் தவறவிட்டதைத் தாள் பிடித்து வைக்கும் என்று நம்பினான்.

1810 ஆம் ஆண்டில் டாட்டம் என்பவர் தம் வீட்டில் அறிவியல் சொற்பொழிவுகள் நடத்தினார். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். பயிற்சியாளனுக்கு ஏது ஷில்லிங்? அண்ணன் ராபர்ட் கொல்லுப் பட்டறையில் உழைத்துப் பெற்ற கூலியிலிருந்து அதைக் கொடுத்தார். அவ்வாண்டு இறுதியில் தந்தையும் இறந்துவிட்டார். அத்தகைய குடும்பத்தில் ஒரு ஷில்லிங் எவ்வளவு பெரிது என்பதை நம் பெற்றோருக்கு விளக்க வேண்டியதில்லை. மைக்கேல் அந்தக் காசை வீணாக்கவில்லை. ஒவ்வொரு சொற்பொழிவையும் வீட்டிற்கு வந்து விரிவாக எழுதினான். கருவிகளைப் படமாக வரைவதற்காக, ரீபோவின் வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் வரைகலையும் கற்றான். எழுதிய தாள்களை நான்கு தொகுதிகளாகத் தானே கட்டி, ரீபோவுக்கே காணிக்கையாக்கினான்.

அந்தத் தொகுதிகளின் அருமையை ரீபோவின் வழியே கேள்விப்பட்டவர்களுள் டான்ஸ் என்னும் வாடிக்கையாளர் ஒருவர். அவர் இலண்டனில் இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் உறுப்பினர். அந்நிறுவனத்தில் புகழ்பெற்ற வேதியியலறிஞர் ஹம்பிரி டேவி 1812 ஆம் ஆண்டில் நிகழ்த்திய கடைசி நான்கு சொற்பொழிவுகளுக்கு டான்ஸ் நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். மாடத்தில், கடிகாரத்திற்கு மேலே இருந்த இருக்கையில் அமர்ந்து மைக்கேல் குறிப்பெடுத்தான். பின்னர் அவற்றைத் தெளிவாகப் படங்களுடன் எழுதி, முந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தன் கையாலேயே கட்டி முடித்தான்.

அவ்வாண்டு அக்டோபரில் ஏழாண்டுப் பயிற்சி நிறைவுற்றது. இருபத்தொரு வயது இளைஞரான பாரடே வேறொரு கடையில் கூலிக்குப் புத்தகம் கட்டச் சென்றார். அங்குள்ள முதலாளி முன்கோபி. பாரடேயின் உள்ளமோ ஆய்வுக்கூடத்தை நாடியது. நாட்டின் தலைசிறந்த அறிவியற் கழகமாகிய ராயல் சொசைட்டியின் தலைவருக்கு, எந்த வேலையாயினும் தருமாறு மடல் எழுதினார். மறுமொழி தேவையில்லை என்பதே வாயிற்காவலரிடமிருந்து கிடைத்த விடை. அந்த அவமானத்தோடு அடங்கிவிடாமல், டிசம்பரில், தாம் கட்டிய நூலை ஒரு மடலோடு டேவிக்கு அனுப்பி வைத்தார்.

நூலைக் கண்ட டேவி உடனே மறுமொழி எழுதினார். 1813 ஜனவரியில் நேரில் சந்தித்தார். எனினும், புத்தகம் கட்டும் தொழிலையே தொடருமாறு அறிவுரை கூறி, நிறுவனத்தின் புத்தகங்களைக் கட்டும் வேலையைத் தருவதாகச் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்ன சொல்தான். ஆயினும் கேட்டவர் மனம் எப்படி இருந்திருக்கும்! சில வாரங்களில் ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலையிழந்தார். டேவிக்குப் புத்தகம் கட்டும் இளைஞரின் நினைவு வந்தது. மார்ச்சு முதல் நாள் பாரடே உதவியாளர் ஆனார். வாரத்திற்கு இருபத்தைந்து ஷில்லிங் ஊதியம். மேல்மாடியில் இரண்டு அறைகள். எரிபொருளும், வெளிச்சத்திற்கு மெழுகுவத்தியும் உண்டு.

அதன்பின் வந்த ஆண்டுகள் எளிதாகக் கழிந்தன என்று எண்ணிவிடலாகாது. டேவியுடன் ஐரோப்பியப் பயணம் சென்றபொழுது டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். 1824 ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகப் பாரடே தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, அதன் தலைவராக இருந்த டேவியே அதை எதிர்த்தார். பாரடே அதற்காகத் தம் ஆசானைக் குறை கூறித் திரியவில்லை.

இரப்பர்த் தோட்டத்து மக்களாகிய நமக்குச் சுவையூட்டும் செய்தி ஒன்று உண்டு. அதே 1824 ஆம் ஆண்டில் பாரடே இரண்டு இரப்பர்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உட்புறம் ஒட்டிக்கொள்ளாதபடி மாவு தூவி, விளிம்புகளை அழுத்தி ஒட்டி, அதில் நீரகவாயுவை நிரப்பினார். முதல் இரப்பர்ப் பலூன் அதுவே. 1826 ஆம் ஆண்டில் மரத்துப் பாலையே ஆராய்ந்து, தூய இரப்பர் கரியும் நீரகமும் சேர்ந்த பொருள் என்று கண்டார். சிங்கப்பூருக்கு இரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தது 1877 ஆம் ஆண்டில்; பாரடே மறைந்து பத்தாண்டுகள் கழித்து. மலாயாக் காட்டு மரமாகிய கட்டாபர்ச்சாவின் பிசின் மின்சாரத்தைக் கசியவிடாமல் காக்க வல்லது என்பதையும் 1848 ஆம் ஆண்டில் அவர் எழுதி வெளியிட்டார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அப்பிசினே பின்னர் உறையாயிற்று. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கம்பி அத்தகையதே.

இனி அவருடைய தலையாய கண்டுபிடிப்புக்கு வருவோம். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்பதை 1820 ஆம் ஆண்டிலேயே அறிஞர் அறிந்திருந்தனர். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் பெற இயலாதா? இவ்வினாவை 1822 ஆம் ஆண்டிலேயே பாரடே தம் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். விடை கிடைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1831 ஆகஸ்டு 29 ஆம் நாள், ஆறு அங்குல அகலமுள்ள இரும்பு வளையம் ஒன்றில் செப்புக் கம்பியை இரு பகுதிகளாகச் சுற்றினார். கம்பியோடு கம்பி தொடாமல் இருக்க, இடையிடையே நூற்கயிறும் பருத்தித் துணியும் வைத்தார். இது புத்தகம் கட்டியவரின் கைவேலை அல்லவா! ஒரு பகுதியில் மின்சாரத்தைச் செலுத்திய கணத்தில், மறு பகுதியோடு இணைந்த ஊசி அசைந்து நின்றது. நிறுத்திய கணத்தில் மீண்டும் அசைந்தது.

அக்டோபர் 17 ஆம் நாள் செய்த சோதனை இதனினும் எளியது. காகிதத்தால் குழல் ஒன்று செய்து, அதன்மேல் செப்புக் கம்பியை எட்டுச் சுருள்களாகச் சுற்றினார். குழலுக்குள் காந்தக் கோல் ஒன்றை விரைந்து செருகினார், ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார், எதிர்ப்புறமாக அசைந்தது. காந்தம் சும்மா கிடந்தால் ஒன்றும் இல்லை. அசைந்தால் மின்சாரம் பிறக்கிறது. நீர்வீழ்ச்சியைக் கொண்டும் நீராவியைக் கொண்டும் மின்சாரம் ஆக்கும் பெரும்பொறிகள் எல்லாம் இந்த உண்மையைக் கொண்டே இயங்குகின்றன.

பாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. கையால் செய்து பார்ப்பதும், கண்டதை உடனே எழுதுவதுமே அவர் வழி. 1832 ஆம் ஆண்டு முதல் ஆய்வுக் குறிப்புகளுக்கு வரிசை எண் இட்டார். பயன்படாத சோதனைகளையும் விடாமல் எழுதினார். 1839 ஆம் ஆண்டின் இறுதியில் தலைச்சுற்றலும் மறதியும் அவரைக் கடுமையாகத் தாக்கின. சில ஆண்டுகள் ஆய்வு பெரும்பாலும் தடைப்பட்டது. வேறொருவராயின் முந்தைய உழைப்பெல்லாம் மறதியில் மூழ்கிப் போயிருக்கும். அவருக்கோ எண்ணைத் தேடி ஏட்டைப் புரட்டினால் போதும். 1845 ஆம் ஆண்டில் ஒளியின்மீது காந்தம் செயற்படுவதைக் கண்டறிந்தது அந்நோய்க்குப் பின்னரே. 1862 மார்ச்சில் அவர் எழுதிய கடைசிக் குறிப்பின் எண் 16,041.

குழந்தைகளிடம் அவருக்குப் பேரன்பு. மணம் புரிந்தும் மக்கட்பேறு இல்லாத அவர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர் சிறுமியருக்காகப் பத்தொன்பது தொடர்ச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். எரியும் மெழுகுவத்தி ஒன்றை வைத்துக்கொண்டு வேதியியலை விளக்கிய தொடர் அவற்றுள் மிகப் புகழ்பெற்றது. சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் வேண்டாம் என்று மறுத்தார். 1867 ஆகஸ்டு 25 ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின் கீழ் அவர் உடல் அடங்கியுள்ளது.

இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அந்த இரும்பு வளையம், நூற்கயிறும் துணியும் சுற்றியபடியே பாதுகாக்கப்பட்டு வருகிறது. டேவிக்கு அனுப்பிய கையெழுத்து நூலும் அங்கேதான் இருக்கிறது.