தாரா ஷிகோவின் நாணற்கோல்

கரோல் பாகிலிருந்து சிறிது தொலைவிலுள்ள காஷ்மீரி கேட்டில் தாரா ஷிகோவின் பெயரைத் தாங்கிய பழைய நூலகக் கட்டடம் உள்ளது. முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மூத்த மகனான தாரா, 1615ஆம் ஆண்டு அஜ்மீரில் பிறந்தார். அதே ஆண்டில் பாரசீகத்தின் இஸ்பகான் நகரில் எழுத்துக்கலைப் பேராசான் மீர் இமாத் கொலையுண்டார். அவருடைய உறவினரும் மாணவருமான அப்துல் ரஷீத் பின்னர் இந்தியா வந்து, தாராவுக்கு ஆசிரியரானார்.

தாரா பயின்றது நஸ்தாலிக் என்னும் பாரசீக எழுத்து. திருக்குர்ஆன் படிகளில் காணும் நஸ்க் எழுத்து வரிமேல் சமமாக அமரும். நஸ்தாலிக்கோ வலப்புறம் உயர்ந்து இடப்புறம் சரிந்திறங்கும். சாய்வாகச் சீவிய நாணற்கோலை மையில் தோய்த்து, தடித்தும் மெலிந்தும் கோடுகள் வருமாறு இழுத்தல் வேண்டும். ஆசிரியரின் வரிகளைப் பார்த்துப் பன்முறை எழுதுவதே பயிற்சி. இளவரசர் என்பதற்காக நாணல் வளைந்து கொடுப்பதில்லை! தம்பி ஔரங்கசீப்பும் இவ்விருவகை எழுத்திலும் தேர்ந்தவரே.

தாரா, ஓவியங்களும் எழுத்தோவியங்களும் அடங்கிய தொகுப்பேடு ஒன்றைத் தம் மனைவி நாதிரா பானுவுக்கு அளித்தார். அன்பளிப்புக் குறிப்பைத் தம் கையாலேயே எழுதினார். அரியணைப் போரில் தம்பியிடம் தோற்று, 1659இல் தில்லியில் கொல்லப்பட்டார். பின்னர் அவ்வேட்டில் அவர் பெயர் மறைக்கப்பட்டது. ஆயினும் அறிஞர்கள் அக்குறிப்பைப் படித்தறிந்தனர். அவ்வேடு இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது.